கேட்டால் உள்ளதைச் சொல்வோம்

(கூட்டமைப்பின் கூட்டத்தில் ஓய்வு பெற்ற செவிலியர் ஒருவர் பேசிய பேச்சின் எழுத்து வடிவம்)



இன்றைக்கு என்னைப் பேசச் சொன்ன தலைப்பு "ஆஸ்பத்திரியில் கருத்துக் கேட்பு". பெயரைக் கேட்டால் பெரிய விஷயம் மாதிரி தெரியும். நமக்குத் தெரிஞ்சதுதான். பிரசவம் முடிந்து வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில் ஒரு பேப்பரை நீட்டி, "கவனிப்பு எப்படி இருந்தது? டிக் போடுங்க" என்று கேட்கிறார்களே, அதுதான். அப்போது நாம என்ன செய்யுதோம்? இடுப்பில் ஒரு பிள்ளை, கையில் ஒரு பை. "எல்லாம் நல்லாத்தான் இருக்கு சிஸ்டர், நீங்களே போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறோம். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு பக்கத்தில் இருக்கிற மதினியிடம் அத்தனை குறையையும் கொட்டுகிறோம். பஸ்ஸில் சொன்னது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமா? சேராது.

அந்தப் பேப்பர் எதற்கு, அதில் உள்ளதைச் சொன்னால் நமக்கு என்ன லாபம், நம்ம கூட்டமைப்பு அதில் என்ன செய்ய முடியும் என்று இன்றைக்குப் பேசலாம்.

நமக்குத் தெரிந்த தர மதிப்பீடு

சகோதரிகளே, ஒரு குழு ஆரம்பித்து ஆறு மாதம் ஆனதும் என்ன நடக்கும்? தர மதிப்பீடு நடக்கும். கூட்டம் ஒழுங்காக நடக்குதா, எத்தனை பேர் வருகிறார்கள், சேமிப்பு சரியாக இருக்குதா, கொடுத்த கடன் திரும்புதா, நோட்டு எழுதுறாங்களா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க் போடுவார்கள். அதில் தேறினால்தான் சுழல் நிதி, வங்கிக் கடன். அப்போது தலைவியை மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார்களா? இல்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கிற உறுப்பினரைப் பார்த்து, "உங்க சேமிப்பு எவ்வளவு? கடைசியாக என்ன தீர்மானம் போட்டீங்க?" என்று கேட்பார்கள். அவருக்கு பதில் தெரிந்தால்தான் அது நல்ல குழு.

ஆஸ்பத்திரிக்கும் இதே மாதிரி தர மதிப்பீடு இருக்கிறது. தேசியத் தர உறுதிச் சான்று என்று சொல்லுவார்கள். 2013-ல் மத்திய சுகாதாரத் துறை மாவட்ட மருத்துவமனைகளுக்காக இதைக் கொண்டு வந்தது. பிறகு வட்டார மருத்துவமனை, ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் வந்துவிட்டது. என்னென்ன சேவை கிடைக்குது, நோயாளிக்கு உரிமை கிடைக்குதா, கட்டடமும் ஆளும் மருந்தும் போதுமா, சிகிச்சை சரியாக நடக்குதா, தொற்று பரவாமல் பார்த்துக்கிறாங்களா என்று 8 தலைப்பில் மார்க் போடுகிறார்கள். சான்று வாங்க 70 சதவீதமாவது எடுக்க வேண்டும்.

அந்த விதிகளில் ஒன்று நமக்கு முக்கியம். ஆஸ்பத்திரி நோயாளிகளிடம் திருப்தி எப்படி என்று கேட்க வேண்டும். அதோடு, அங்கே வேலை செய்கிற ஊழியர்களிடமும் கேட்க வேண்டும். இரண்டு பேரையும் கேட்க வேண்டும் என்பது விதி. கேட்டு அலமாரியில் வைத்தால் போதாது. குறைந்த மார்க் எங்கே வந்திருக்கு, ஏன் வந்திருக்கு என்று பார்த்து, சரி செய்ததையும் காட்ட வேண்டும்.

இதுபோக, ஆஸ்பத்திரி சுத்தத்துக்கென்று 2015-ல் காயகல்ப் என்ற விருதுத் திட்டம் வந்தது. 2016-ல் 'மேரா அஸ்பதால்', அதாவது 'என் ஆஸ்பத்திரி' என்ற பெயரில், போன் வழியாகவே நோயாளியிடம் கருத்துக் கேட்கிற திட்டம் வந்தது. 2017 டிசம்பரில் பிரசவ அறைக்கென்றே லக்ஷ்யா என்ற திட்டம் வந்தது. அதில் தாயை மரியாதையாக நடத்துவதும் மார்க்குக்கு உரிய விஷயம். வலியில் கத்துகிற பெண்ணைத் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, மறைப்புத் திரை வேண்டும், கூட ஒரு பெண் துணை இருக்க வேண்டும் என்பதெல்லாம் இன்றைக்கு சர்க்கார் விதி. யாரும் நமக்குச் செய்கிற தயவு இல்லை.

ஏன் உள்ளதைச் சொல்ல மாட்டேங்கிறோம்?

நான் பல வருஷம் வார்டில் நின்றவள். பெண்கள் ஏன் வாய் திறப்பதில்லை என்று பார்த்திருக்கிறேன். நாலு காரணம்.

முதல் காரணம் பயம். "இன்னைக்குக் குறை சொன்னா, நாளைக்கு என் மகளைப் பிரசவத்துக்குக் கூட்டிட்டு வரும்போது மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்கன்னா?"

இரண்டாவது நன்றி. "காசு வாங்காம பார்த்துவிட்டாவ, அதுல போய்க் குறை சொல்லலாமா?" இது நல்ல மனசுதான். ஆனால் சகோதரிகளே, அரசு ஆஸ்பத்திரி தர்மச் சத்திரம் இல்லை. நாம வாங்குகிற சோப்பிலும் வரி இருக்கு, பஸ் ஓடுகிற டீசலிலும் வரி இருக்கு. அந்தப் பணமும் சேர்ந்துதான் அங்கே மருந்தாகவும் சம்பளமாகவும் வருது. நம்ம வீட்டுக் கூரை ஒழுகினால் ஒழுகுதுன்னுதானே சொல்வோம்?

மூன்றாவது கூச்சம். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை, பரிசோதனை பண்ணும்போது திரை போடவில்லை, மாதவிலக்குத் துணியைப் போட இடம் இல்லை. இதையெல்லாம் பேப்பரில் எழுதுவதற்கே நமக்கு நாக்கு கூசுது.

நாலாவது சலிப்பு. "எத்தனை தடவை கேட்டுட்டுப் போனாவ, என்ன நடந்தது?" இந்த நாலில் நியாயமான காரணம் இதுதான். கேட்டவர்கள் திரும்பி வந்து பதில் சொல்லவில்லை என்றால் அடுத்த தடவை ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

கேட்கிற விதத்தில்தான் இருக்கு

ஊசி போடுகிற சிஸ்டரே பேப்பரை நீட்டிக் கேட்டால் நோயாளி என்ன சொல்லுவார்? "நல்லா இருக்கு"ன்னுதான் சொல்லுவார். அதனால் அந்த வார்டில் வேலை செய்யாத ஒருத்தர் கேட்க வேண்டும். வீட்டுக்குக் கிளம்புகிற நேரத்தில், வார்டை விட்டுக் கொஞ்சம் தள்ளி, மரத்தடியில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும். பெயர், ஊர், போன் நம்பர் கேட்கக் கூடாது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். சிரிக்கிற முகம், சும்மா இருக்கிற முகம், அழுகிற முகம் என்று படம் போட்டிருந்தால் அவரே விரல் வைத்துக் காட்டிவிடுவார்.

கேள்வியும் சரியாக இருக்க வேண்டும். "நல்லா இருந்துச்சா?" என்று கேட்டால் "இருந்துச்சு" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலா இப்படிக் கேட்டுப் பாருங்கள்:

சீட்டு வாங்கினது எத்தனை மணிக்கு? டாக்டரைப் பார்த்தது எத்தனை மணிக்கு? மாத்திரை கையில் வந்தது எத்தனை மணிக்கு?

இந்த மூன்று மணியை எழுதினால் போதும். பாராட்டும் இல்லை, திட்டும் இல்லை. தாமதம் எந்த இடத்தில் என்று தானாகத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, சராசரியைப் பார்த்து ஏமாறக் கூடாது. கணக்குக்காக ஒரு உதாரணம் சொல்லுகிறேன். 10 பேரைக் கேட்கிறோம். 5-க்கு எத்தனை மார்க் என்று கேட்டதில் 8 பேர் 5 போட்டார்கள், 2 பேர் 1 போட்டார்கள். மொத்தம் 42. சராசரி 4.2. "பிரமாதம்" என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த 2 பேர் யார்? கம்பை ஊன்றிக்கொண்டு வந்த பாட்டியா? மலையடிவாரத்தில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்தவரா? காது கேட்காதவரா? நம்ம குழுவில் 12 பேரில் 10 பேர் கடன் கட்டினாலும் கட்டாத 2 பேர் வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம் என்று விசாரிக்கிறோமே, அதே மாதிரி குறைந்த மார்க் போட்டவரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஊழியர்களை ஏன் கேட்க வேண்டும்?

சில பேருக்கு இந்த இடத்தில் கோபம் வரும். "நாங்கதான் நோயாளி, கஷ்டப்படுறது நாங்க. சம்பளம் வாங்குறவங்ககிட்ட என்ன கேள்வி?" என்று.

கழிப்பறையை எடுத்துக்கொள்ளுங்கள். கருத்துக் கேட்டால் மார்க் குறையக் கூடிய ஒரு இடம் அது. நோயாளிகளை மட்டும் கேட்டால் "கழிப்பறை நாறுது" என்று பதில் வரும். உடனே என்ன நடக்கும்? கண்ணுக்கு முன்னால் நிற்கிற துப்புரவுப் பெண்ணைப் பிடித்துத் திட்டுவார்கள். அவர் யார்? ஒப்பந்தத்தில் வேலை பார்க்கிற நம்மில் ஒருத்தி. நம்ம குழுக்களிலேயே அப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்!

அதே கேள்வியை அந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பாருங்கள். "தண்ணி காலையில ரெண்டு மணி நேரந்தான் வருது. ரெண்டு வார்டுக்கு நான் ஒருத்தி. பினாயில் தீர்ந்து நாலு நாள் ஆச்சு. கையுறை கிழிஞ்சு போச்சு" என்று சொன்னால்? அப்போது கோளாறு எங்கே இருக்கு? மோட்டாரில் இருக்கு, ஆள் கணக்கில் இருக்கு, சாமான் வாங்குகிற இடத்தில் இருக்கு. திட்டினால் மோட்டார் ஓடுமா?

ஊழியர்களை மட்டும் கேட்டாலும் தப்பாகிவிடும். "கூட்டம் ஜாஸ்தி, ஜனங்களுக்கு ஒழுங்கு இல்லை" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். இரண்டு பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். நோயாளி வலி எங்கே என்று சொல்லுவார். ஊழியர் காரணம் என்ன என்று சொல்லுவார்.

நான் வேலை பார்த்த ஒரு ஆஸ்பத்திரியில், ராத்திரி டூட்டியில் ஒரு வார்டு முழுக்க நான் ஒருத்திதான். ஒரு மூலையில் ஒருவருக்கு மூச்சு திணறும்போது இன்னொரு மூலையில் பாட்டில் தீர்ந்துவிடும். கூப்பிட்டவரிடம் நாலு வார்த்தை நல்லதாகப் பேச நேரம் இருக்காது. "சிஸ்டர் எரிஞ்சு விழுதாவ" என்பார்கள். விடிய விடிய நின்று கால் வீங்கிய பெண்ணின் வாயில் இருந்து இனிப்பாக வார்த்தை வருமா? எரிந்து விழுவதை நான் நியாயம் சொல்லவில்லை. அதைக் குறைக்கணும்னா இன்னொரு சிஸ்டரைப் போடணும், உட்கார ஒரு நாற்காலி போடணும் என்கிறேன்.

நாற்காலி என்றதும் ஞாபகம் வருது. ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்களுக்காக 2021-ல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. அந்தப் பெண்கள் வாய் திறந்து சொன்னதால்தானே வந்தது?

ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் உண்டு. சம்பளம் தேதிக்கு வருதா? வருங்கால வைப்பு நிதி பிடிக்கிறார்கள் என்றால் அதைக் கட்டுறாங்களா? ராத்திரி டூட்டி முடிந்து வீட்டுக்குப் போக வழி உண்டா? உடை மாற்ற, கொஞ்சம் தலை சாய்க்கப் பெண்களுக்குத் தனி அறை உண்டா? ஊசி குத்திவிட்டால் உடனே மருந்து தருகிறார்களா? யாராவது தவறாக நடந்தால் எங்கே சொல்லணும் என்று தெரியுமா? 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற எந்த இடத்திலும் பெண்களுக்காகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்று 2013-லேயே சட்டம் வந்துவிட்டது. அதே மாதிரி, மருத்துவ ஊழியர்களைத் தாக்கினால் தண்டனை என்று தமிழ்நாட்டில் 2008-ல் சட்டம் வந்தது. நம்ம வீட்டு ஆண்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள். உறவுக்காரருக்கு ஒன்று என்றால் கோபம் வரும்தான். அதற்காக டூட்டியில் நிற்கிற பிள்ளை மேல் கை வைக்கலாமா?

கேட்டார்கள், ஆனால் படிக்கவில்லை

வெளிநாட்டில் நடந்த ஒன்றைச் சொல்லுகிறேன். இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு என்று ஒரு ஊர். அங்கேயும் அரசு ஆஸ்பத்திரிதான். அந்த நாட்டில் வருஷா வருஷம் நோயாளிகளிடமும் ஊழியர்களிடமும் சர்வே எடுப்பது வழக்கம். 2005-ல் இருந்து 2009 வரைக்கும் அந்த ஆஸ்பத்திரியில் செலவைக் குறைக்கணும்னு ஆட்களைக் குறைத்தார்கள். வயசானவர்கள் அழுக்குப் படுக்கையிலேயே கிடந்தார்கள். தண்ணீர் கை எட்டாத இடத்தில் இருந்தது. 2007-ல் ஜூலி பெய்லி என்ற பெண்ணின் அம்மா அங்கே இறந்தார். அவர் சும்மா இருக்கவில்லை. தன்னைப் போல உறவை இழந்தவர்களைத் தேடிப் பிடித்து ஒரு குழுவாகச் சேர்த்துப் போராடினார். பெரிய விசாரணை நடந்தது. ராபர்ட் பிரான்சிஸ் என்ற வழக்கறிஞர் 2013 பிப்ரவரியில் அறிக்கை கொடுத்தார். அதில் 290 பரிந்துரைகள்.

அந்த அறிக்கையில் நாம குறித்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. நோயாளிகளும் ஊழியர்களும் சர்வேயில் தங்கள் அதிருப்தியைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அதை வைத்து உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை. பேப்பர் எல்லாம் இருந்தது. படித்துப் பார்த்து வேலை செய்ய ஆள் இல்லை. பணக்கார நாட்டிலேயே இப்படி என்றால், பேப்பரில் டிக் போடுவதோடு நம்ம வேலை முடியவில்லை என்று புரியுதா?

பக்கத்தில் நடந்தது

தேசிய ஊரக சுகாதார இயக்கம் 2005-ல் தொடங்கியது. அதில் மக்களே சுகாதார சேவையைக் கண்காணிக்கிற முயற்சியை 2007-ல் 9 மாநிலங்களில் செய்து பார்த்தார்கள். தமிழ்நாட்டில் தர்மபுரி, கன்னியாகுமரி, பெரம்பலூர், திருவள்ளூர், வேலூர் ஆகிய 5 மாவட்டங்களில் நடந்தது. கிராமத்து ஜனங்கள் உட்கார்ந்து பேசி, தாய் சேய் நலம் எப்படி, ஆரம்ப சுகாதார நிலையம் எப்படி என்று ஒவ்வொன்றுக்கும் கலர் போட்டார்கள். நன்றாக இருந்தால் பச்சை, சுமாராக இருந்தால் மஞ்சள், மோசம் என்றால் சிவப்பு. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் சிவப்பைப் பார்த்தால் புரியும். அந்த அட்டையை வைத்துக்கொண்டு அதிகாரிகளோடு உட்கார்ந்து பேசுவது அதன் நோக்கம்.

ஆப்பிரிக்காவில் உகாண்டா நாட்டில் இதே மாதிரி 50 ஊர்களில் செய்து பார்த்து, குழந்தைச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது என்று 2009-ல் ஆய்வு வந்தது. பிறகு அதே நாட்டில் இன்னும் நிறைய இடங்களில் செய்து பார்த்த போது அவ்வளவு பெரிய பலன் தெரியவில்லை. கவனிப்பும் ஜனங்களுடைய திருப்தியும் கொஞ்சம் கூடியது, அவ்வளவுதான். இதை ஏன் சொல்லுகிறேன்? சர்வே மந்திரக்கோல் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் ஆளைப் போடணும், மருந்து இல்லாத இடத்தில் மருந்து வாங்கணும். எதை முதலில் செய்யணும் என்று காட்டுவதுதான் சர்வேயின் வேலை.

நம்ம தென்காசியில் எப்படிக் கேட்கணும்?

2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டம் ஆனது. தென்காசி அரசு மருத்துவமனைதான் நமக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனை. குருவிகுளத்துக்காரர், வாசுதேவநல்லூர்க்காரர், கடையத்துக்காரர் எல்லாருக்கும் இதுதான். அதனால் டவுன்காரர்களை மட்டும் கேட்டால் போதாது. தூரத்தில் இருந்து வந்தவர்களையும் கேட்க வேண்டும்.

அடுத்தது சீசன். ஆனி, ஆடி, ஆவணியில் சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் குற்றாலத்தில் கூட்டம் நெரிபடும். பேரருவி, ஐந்தருவி, பழைய குற்றாலம் என்று வெளியூர் ஜனம் குவியும். பாறையில் வழுக்கி விழுந்தவர், காய்ச்சலில் விழுந்தவர், வண்டி மோதியவர் என்று அவசரத்துக்கு வருகிறவர்களும் சேருவார்கள். டாக்டரும் சிஸ்டரும் அதே ஆட்கள்தான். அதனால் பங்குனி மாசத்தில் ஒரு தடவை கேட்டுவிட்டு "எல்லாம் சரி" என்று சொல்லிவிட முடியாது. சீசனில் ஒரு தடவை, சீசன் இல்லாத நேரத்தில் ஒரு தடவை கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். "சீசன் மூணு மாசத்துக்கு அவசர வார்டில் கூட ஆள் வேணும்" என்று கேட்க அப்போதுதான் கையில் கணக்கு இருக்கும்.

மூன்றாவது நம்ம பீடித் தொழில். இந்தப் பக்கத்தில் பீடி சுற்றாத ஊர் குறைவு. ஆயிரம் பீடிக்கு இத்தனை ரூபாய் என்றுதான் நமக்குக் கூலி. ஒரு காலைப்பொழுது ஆஸ்பத்திரி வரிசையில் போனால் அந்த நாள் கூலியில் பாதி போச்சு. ஆகவே காத்திருக்கிற நேரம் நமக்குப் பணம். அதைக் கேள்வியாக எழுத வேண்டும். அதோடு, "நீங்க என்ன வேலை செய்யுதீங்க என்று டாக்டர் கேட்டாரா?" என்றும் ஒரு கேள்வி வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து புகையிலைத் தூளோடு இருக்கிறவளுக்கு வருகிற இருமலும் கழுத்து வலியும், தொழிலைக் கேட்காமல் எப்படித் தெரியும்?

நாலாவது, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்புவது. 50 கிலோமீட்டருக்கு மேல் போகணும். பெரிய நோய் என்றால் அனுப்பத்தான் செய்வார்கள். "எதுக்காக அனுப்புறோம் என்று புரிகிற மாதிரி சொன்னாங்களா? சீட்டு எழுதிக் கொடுத்தாங்களா? 108 வண்டி ஏற்பாடு செய்தாங்களா?" என்று கேட்க வேண்டும்.

ஐந்தாவது, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு வீடாகப் போய் பிரஷர், சர்க்கரை பார்க்கிற தன்னார்வலர்கள். இவர்கள் நம்ம மகளிர் குழுக்களில் இருந்து போனவர்கள். இவர்களும் சுகாதார ஊழியர்கள்தான். வெயிலில் எத்தனை வீடு ஏறி இறங்குகிறார்கள், மாத்திரை நேரத்துக்கு வருதா, மிஷின் வேலை செய்யுதா என்று இவர்களிடமும் கேட்க வேண்டும்.

கூட்டமைப்பு என்ன செய்யலாம்?

1. முதலில் குழுக் கூட்டத்தில் அரை மணி நேரம் ஒதுக்கி இதைப் பேசுங்கள். தீர்மான நோட்டில் எழுதுங்கள்.

2. ஆஸ்பத்திரிக்குள் நாமாகப் போய்க் கேட்கக் கூடாது. தலைமை மருத்துவரைப் பார்த்து அனுமதி வாங்க வேண்டும். ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் நோயாளர் நலச் சங்கம் என்று ஒன்று உண்டு. அதன் மூலமாகக் கேட்கலாம். "குறை கண்டுபிடிக்க வரவில்லை, நீங்க எடுக்க வேண்டிய சர்வேக்குக் கை கொடுக்க வந்திருக்கோம்" என்று சொல்லுங்கள்.

3. கேள்வி பத்துக்கு மேல் வேண்டாம். ஒரு ஆளுக்கு ஐந்து நிமிஷத்துக்கு மேல் ஆகக் கூடாது.

4. உள்ளூர்ப் பெண் கேட்டால் தயங்குவார்கள். கடையநல்லூர்க் குழு செங்கோட்டையில் கேட்கட்டும், செங்கோட்டைக் குழு கடையநல்லூரில் கேட்கட்டும்.

5. இன்னொருத்தருடைய நோய் என்ன என்று கேட்கக் கூடாது. காதில் விழுந்தாலும் ஊரில் வந்து பேசக் கூடாது. இது கண்டிப்பான விதி. ஒரு பெண்ணின் நோய் விவரம் டீக்கடைக்குப் போய்விட்டால், அப்புறம் எந்தப் பெண்ணும் நம்மை நம்ப மாட்டாள்.

6. பதில்களை மூன்று வரிசையாகப் பிரியுங்கள். பணம் இல்லாமல் இன்றைக்கே செய்யக் கூடியது முதல் வரிசை: கதவுக்குத் தாழ்ப்பாள், திரை, எந்த அறை எங்கே என்று தமிழில் பெரிய எழுத்தில் போர்டு. ஆஸ்பத்திரி நிதியில் செய்யக் கூடியது இரண்டாவது வரிசை: பெஞ்சு, மின்விசிறி, மோட்டார் ரிப்பேர். அரசு செய்ய வேண்டியது மூன்றாவது வரிசை: சிஸ்டர், டாக்டர் பணியிடம், புதுக் கட்டடம். மூன்றாவது வரிசைக்காகத் தலைமை மருத்துவரோடு சண்டை போட்டு என்ன பயன்? அதை மனுவாக எழுதி திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் கூட்டத்தில் கொடுங்கள். அதில் ஊழியர்கள் சொன்னதையும் சேருங்கள். அவர்களாகக் கேட்க முடியாததை நாம கேட்டுக் கொடுக்கலாம்.

7. மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போங்கள். என்ன சரியாச்சு, என்ன ஆகவில்லை என்று பார்த்து, அதை ஒரு சார்ட்டில் எழுதி ஓ.பி. வாசலில் ஒட்டச் சொல்லுங்கள். "நீங்க சொன்னீங்க, இது நடந்திருக்கு" என்று ஜனங்களுக்குத் தெரியணும். சலிப்புக்கு இதுதான் மருந்து.

8. நல்லதையும் எழுதுங்கள். கை பிடித்து ஆறுதல் சொன்ன சிஸ்டர், பாட்டியைத் தள்ளுவண்டியில் கூட்டிப் போன அண்ணன், இவர்களைப் பாராட்டி நாலு வரி எழுதினால் அவர்களுக்கு அது சம்பள உயர்வு மாதிரி. நான் அனுபவித்துச் சொல்லுகிறேன்.

ஒரு எச்சரிக்கை. காசு கேட்டார்கள், கவனிக்காமல் விட்டார்கள் என்பது மாதிரி அவசரமான புகாருக்கு சர்வே வரும் வரை காத்திருக்க வேண்டாம். அப்போதே தலைமை மருத்துவரைப் பாருங்கள். 104-க்குப் போன் போடுங்கள். லஞ்சம் என்றால் ஊழல் தடுப்புப் பிரிவு இருக்கிறது.

சகோதரிகளே, 1989-ல் தர்மபுரியில் மகளிர் குழுக்கள் தொடங்கிய போது, "பொம்பளைங்க கூடி என்ன செய்யப் போறாங்க?" என்று கேட்டார்கள். பேங்க் மேனேஜர் முன்னால் நாற்காலியில் உட்காரவே பயந்தோம். இன்றைக்கு வட்டிக் கணக்கில் ஒரு ரூபாய் தப்பு என்றாலும் எழுந்து நின்று கேட்கிறோம். ஆஸ்பத்திரியிலும் அந்தத் தைரியம் வேண்டும். பேங்கில் தப்பு நடந்தால் பணம்தான் போகும். பிரசவ அறையில் தப்பு நடந்தால் போவது ஒரு தாயின் உயிர்.

ஆகவே அடுத்த தடவை அந்தப் பேப்பர் கைக்கு வரும்போது பஸ் போனால் போகட்டும், அடுத்த பஸ்ஸில் போகலாம். உட்கார்ந்து, நிதானமாக, உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அடுத்த வாரம் அதே கட்டிலில் படுக்கப் போகிறவள் நம்ம அக்காவோ, தங்கச்சியோ, மகளோதான். அங்கே ராத்திரி முழுக்க நிற்கப் போகிறவளும் நம்ம வீட்டுப் பிள்ளைதான்.